பதினொன்றே கால் மணி நண்பகல்

பகல் பன்னிரண்டு மணிக்குக் கதிரவன் உச்சியில் நிற்கும், அப்போது நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்பது தொடக்கப் பள்ளிப் பாடங்களில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இது பொய். தீவுகளின் தலைநகரில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்றும் அதன்பின் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் வழங்கும் ஊரில், ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைத் தரையில் செங்குத்தாக நட்டு, அதன் நிழல்நுனி விழும் இடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு கூழாங்கல் வைத்துக்கொண்டே வந்தால், நிழல் மிகக் குறுகும் நேரம் பதினொன்றே கால் மணியை ஒட்டி அமைவதைக் காணலாம். நவம்பர் தொடக்கத்தில் அது 11.03 வரை முந்தும். பிப்ரவரி நடுவில் 11.33 வரை பிந்தும். ஆண்டின் எந்த நாளிலும் பன்னிரண்டைத் தொடாது.

காரணம் எளிது. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்வதால், ஒரு பாகை சுழல அதற்கு 4 நிமிடம் ஆகிறது. இந்தியா முழுவதற்கும் பொதுவான கடிகார நேரம், முன்பு அலகாபாத் எனப்பட்ட பிரயாக்ராஜுக்கு அருகே மிர்சாப்பூர் வழியாகச் செல்லும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை, அதாவது வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை நிலப்படத்தில் வரையப்படும் கற்பனைக் கோட்டை, அடிப்படையாகக் கொண்டது. போர்ட் பிளேர் அதற்குக் கிழக்கே பத்தேகால் பாகை தள்ளி இருப்பதால், அங்கே கதிரவன் 41 நிமிடம் முந்தி உச்சிக்கு வந்துவிடுகிறது. நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கே அங்கு இருட்டத் தொடங்குவதும் இதனால்தான். உண்மையில் பாடநூலின் பன்னிரண்டு மணி வேறு ஊர்களுக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. சென்னையில் உச்சிப்பொழுது சராசரியாகப் பன்னிரண்டு பத்தை ஒட்டியும், டில்லியில் பன்னிரண்டு இருபதை ஒட்டியும் நிகழ்கிறது. ஆனால் பத்து நிமிடப் பிழை ஒரு குழந்தையின் கண்ணுக்குத் தப்பிவிடும்; நாற்பது நிமிடப் பிழை தப்பாது.

ஆகவே, கோலும் கூழாங்கல்லும் கொண்டு தன் பள்ளி முற்றத்தில் நிழலை அளக்கும் ஒன்பது வயதுத் தீவுக் குழந்தை, அச்சடித்த நூல் ஒன்று சொல்ல, தன் கையால் அளந்த அளவு வேறொன்று சொல்வதை முதல்முறையாகச் சந்திக்கிறது. அந்த நொடியில் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதே, அங்கே நடப்பது அறிவியல் கல்வியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘நீ அளந்தது தப்பு, புத்தகத்தில் இருப்பதை எழுது’ என்று சொல்லிவிட்டால், கோல் நட்ட உழைப்பு முழுவதும் வீண். ‘எல்லாரும் இதையே அளந்திருக்கிறீர்களா, நாளைக்கு மறுபடி பார்ப்போமா’ என்று கேட்டால், பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

செய்து கற்றல், செயல்வழிக் கற்றல் என்றெல்லாம் வழங்கப்படும் முறையைப் பற்றிப் பொதுவில் நிலவும் புரிதல், குழந்தைகளின் கைக்கு ஏதேனும் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. தெர்மோகோலில் எரிமலை செய்து, அதில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஊற்றி நுரை பொங்கவைத்துக் கைதட்டுவது இந்தப் புரிதலின் உச்சம். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அதில் குழந்தை எதையும் கண்டுபிடிக்கவில்லை. என்ன நிகழும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது நிகழ்ந்தது, அவ்வளவே. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையாகிய பாரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, தீவுப் பள்ளியின் கண்காட்சியில்கூட வினிகர் எரிமலையே முன்வரிசையில் இருக்குமானால், அதைவிட வேடிக்கை வேறில்லை. கை இயங்குவது மட்டும் போதாது. ஒரு கேள்வி, அதற்கு ஓர் ஊகம், ஊகத்தைச் சோதிக்கும் ஒரு வழி, கிடைத்த விடையை மற்றவர் முன் வைத்து வாதாடும் உரிமை ஆகிய நான்கும் குழந்தையிடம் இருந்தால்தான் அது அறிவியல் ஆகும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் நிறுவிய சோதனைப் பள்ளியில் தொடங்கி, காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி வரை, கையையும் அறிவையும் இணைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், 1996-ல் பிரான்சின் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்கு ‘மாவில் கை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். வேலையில் தானே கைவைத்து இறங்க வேண்டும் என்பது அப்பெயரின் உட்பொருள். அத்திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சோதனைக் குறிப்பேடு உண்டு. குழந்தை தன் சொந்தச் சொற்களில், தன் பிழைகளோடு எழுதும் பகுதி ஒன்றும், வகுப்பு முழுவதும் கூடி ஏற்றுக்கொண்ட முடிவை எழுதும் பகுதி ஒன்றுமாக அது அமைந்திருக்கும். முதற்பகுதியில் சிவப்பு மை நுழைவதில்லை. தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கும் தீவு வகுப்பறைகளுக்கும் இந்த ஒன்று மட்டும் வந்தால்கூடப் பெரும் மாற்றம் நிகழும்.

இந்தியாவில் இதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி, நர்மதைக் கரையில் உள்ள அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளோடு தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இயங்கிய நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் மத்தியப் பிரதேச அரசின் இசைவோடு நடத்திய இத்திட்டம், 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-ல் இதற்கெனவே ஏகலவ்யா என்னும் நிறுவனம் பிறந்தது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு விடைகளைச் சொல்லாமல் கேள்விகளையும் சோதனைகளையும் மட்டும் தரும் பாடநூல்கள் எழுதப்பட்டன. தேர்வில் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து பார்த்து எழுதலாம். அதோடு செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது, பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிறுவனங்களிலிருந்தும் வந்த அறிவியலாளர்கள் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, ஏன் இந்தச் சோதனை இந்த ஊரில் சரியாக வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டனர். 1978-ல் அங்கே வந்து சேர்ந்தவர்தான் பின்னாளில் குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் கற்பித்துப் புகழ்பெற்ற, 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அர்விந்த் குப்தா; சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் தீக்குச்சிகளையும் கொண்டு அவர் வடிவியல் கற்பித்த முறை அந்த மாவட்டத்தின் சந்தைகளில் கிடைத்த பொருள்களிலிருந்தே உருவானது.

அத்திட்டத்தில் ‘சவாலிராம்’ என்றொருவர் இருந்தார். அவர் கற்பனை மனிதர். பிள்ளைகள் தமக்குத் தோன்றும் கேள்விகளை அவர் பெயருக்குக் கடிதமாக எழுதி அனுப்ப, திட்டத்தில் பணியாற்றியவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்கள். கேள்வி கேட்பதைத் தண்டனைக்குரிய துடுக்குத்தனமாகக் கருதும் பள்ளிக்கூடங்கள் நிறைந்த நாட்டில், கேள்வி கேட்பதற்கென்றே ஒரு முகவரி இருந்தது என்பது சிறிய செய்தி அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டிய பின், 2002-ல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்துபோனது. ஆனால் அதில் பழகிய ஆசிரியர்களும் எழுதப்பட்ட நூல்களும் நாட்டின் பாடத்திட்டச் சிந்தனையில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது வேறொரு திட்டத்தால். ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய அது, 2007-ல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்தது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, ஏணிப்படி வரிசைப்படுத்திய அட்டைகளைத் தத்தம் வேகத்தில் எடுத்துப் படித்தார்கள். கரும்பலகை சுவரின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி வந்தது. ஆசிரியரின் பிரம்பைக் கீழே வைக்கச் செய்ததில் அதன் பங்கு பெரிது. ஆயினும் அட்டையின் வரிசை முன்கூட்டியே முடிவானது. அட்டை கேட்காத கேள்வியைக் குழந்தை கேட்க அதில் அதிக இடமில்லை. அதை அறிவியல் கற்பிக்கும் முறையாகக் கருதுவதைவிட, வகுப்பறையை மனிதத்தன்மையுடையதாக்கிய முறையாகக் கருதுவதே பொருந்தும்.

தீவுகளின் பள்ளிகளுக்கு இந்த அனுபவங்களெல்லாம் பயன்படும், ஆனால் அப்படியே பெயர்த்து நடக்கூடியவை அல்ல. அங்குள்ள அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சார்ந்தவை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலுக்கெனத் தனிப்பாடம் கிடையாது. வீடு, நீர், உணவு, செடிகொடி, பயணம் என்று அறிவியலையும் சமூகத்தையும் பிணைத்துக் கற்பிக்கும் சூழ்நிலையியல் பாடமே உண்டு. குழந்தையின் சூழலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அப்பாடத்தின் நோக்கம். ஆனால் டில்லியில் தயாராகும் நூலில் வரும் சூழல், தண்ணீர் வண்டியும் ரயில் நிலையமும் கோதுமை வயலுமாக இருப்பது தவிர்க்க முடியாதது; தீவுகளில் ரயிலே கிடையாது.

மொழியும் ஒரு சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் வாழ்ந்த 3.8 லட்சம் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்களும் அவர்களில் அடங்குவர். வங்காளம், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி, சாத்ரி, 1925 முதல் மாயாபந்தர்ப் பகுதியில் வாழும் பர்மிய வழிவந்த கரேன் மக்களின் மொழி என்று ஒரே வகுப்பில் நான்கைந்து வீட்டுமொழிகள் இருக்கக்கூடும்; பொதுப் பேச்சுக்கு இந்தி. இத்தகைய வகுப்பில் சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும் பாடம் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு தட்டில் நண்டை வைத்துவிட்டு, அதற்குக் கால் எத்தனை, பக்கவாட்டில் ஏன் நடக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், நண்டுக்கு எந்தெந்த மொழியில் என்ன பெயர் என்பது தானாக வந்து சேரும். பொருள் முன்னும் சொல் பின்னுமாக வரும் இந்த முறை, பன்மொழி வகுப்புக்கு அறிவியல் பாடம் தரும் இலவசக் கொடை.

பாடநூல் சோதனைகள் தீவில் தோற்கும்போதுதான் மிகுதியாகக் கற்பிக்கின்றன என்பதற்கு முட்டைச் சோதனை நல்ல சான்று. வெறும் நீரில் முட்டை மூழ்கும், உப்புநீரில் மிதக்கும் என்பது பல நூல்களில் காணப்படும் செயல்பாடு. கடல் வாசலில் இருக்கும் பள்ளியில், உப்புக் கரைத்து நேரத்தை வீணாக்குவானேன் என்று ஒரு வாளி கடல்நீரையே மொண்டுவந்து புதிய முட்டையை இட்டால், முட்டை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடல்நீரும் உப்புநீர்தானே என்ற கேள்வி உடனே எழும். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள உப்பு சுமார் 35 கிராம். முட்டையை மிதக்கவைக்க லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல் தேவை. ஒரு பொருள் மிதக்குமா மூழ்குமா என்பதைத் தீர்மானிப்பது அடர்த்தி, அதாவது ஒரே கொள்ளளவுக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்ற அளவு. புதிய முட்டையின் அடர்த்தி கடல்நீரைவிடச் சற்று அதிகம். கடல்நீரில் கரண்டி கரண்டியாக உப்பைச் சேர்த்து எண்ணிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கரண்டியில் முட்டை மெல்ல எழும்பும். இதற்குள் ஒரு குழுவின் முட்டை மட்டும் முன்னதாகவே மிதந்துவிட்டால், அது பழைய முட்டையாக இருக்கக்கூடும். நாள்பட்ட முட்டையின் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, அந்த இடத்தைக் காற்று நிரப்பிவிடுகிறது. நூலில் இரண்டு வரியில் முடிந்த செயல்பாடு இங்கே இரண்டு நாள் எடுக்கும். அதில் உப்பு எவ்வளவு, முட்டையின் வயது என்ன என்னும் இரண்டு காரணிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள். செலவு, ஒரு பொட்டலம் உப்பு.

கடற்கரையே ஆய்வுக்கூடம் என்று உற்சாகமாகச் சொல்வதற்குமுன் சட்டத்தையும் நினைவில் வைத்தாக வேண்டும். பவளமும் பல வகைச் சங்குகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கரையொதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு. ஆதலால் தீவு ஆசிரியர் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். காலிச் சங்குக்குள் குடியேறி ஊரும் நண்டைக் கையில் எடுக்காமல், அது போன தடத்தை மணலில் அளக்கச் சொல்லலாம். தோணித்துறைத் தூணில் வண்ணக்கோடுகள் இட்டு, கடல் ஏறியிறங்கும் உயரத்தை ஒரு திங்கள் முழுவதும் குறித்துவந்தால், உயர் ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அது பெருகுவதும் குழந்தையின் குறிப்பேட்டிலேயே தெரியும். மீன்பிடிக்கப் போகும் தகப்பன்மாருக்கு இது நெடுநாள் தெரிந்த செய்தி. அவர்களைப் பள்ளிக்கு வரவழைத்து அந்தக் குறிப்பேட்டைத் திருத்தச் சொல்வதைவிடச் சிறந்த பெற்றோர் கூட்டம் இருக்க முடியாது.

அலையாத்திக் காடு இன்னும் வளமான பாடம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரத்தைத் தமிழ்க் குழந்தை தீவின் சேற்றுக்கரையில் நேரில் காணலாம். கண்டல் மரத்தின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஈட்டி போல் நீண்டு கீழே விழுகிறது. கரையொதுங்கிய அத்தகைய முளைகளை வெட்டிய பாட்டில்களில் நட்டு, ஒன்றுக்குக் கடல்நீரும் ஒன்றுக்கு நன்னீரும் விட்டு வளர்ச்சியை வாரம் ஒருமுறை அளப்பது மூன்றாம் வகுப்புக்கே எட்டும் சோதனை. 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசலான வண்டூரில், சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையின் முயற்சியால் உருவான அந்தமான் நிகோபார்ச் சுற்றுச்சூழல் குழு நெடுங்காலமாக இயங்கிவருகிறது. தலைநகரில் ஓர் அறிவியல் மையமும் உண்டு. வெளித்தீவுகளின் பிள்ளைகளுக்கு இவை கப்பல் பயணத் தொலைவில் இருப்பதால், ஊர்ப்பள்ளியின் முற்றமும் கரையும்தான் அவர்களின் அறிவியல் மையம்.

2004 டிசம்பர் 26-ஐ விட்டுவிட்டுத் தீவில் அறிவியல் பேச முடியாது. அன்று ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தில் தெற்கே கிரேட் நிகோபார் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. வடக்கு அந்தமானிலோ நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே தெரிந்து மடிந்தன. தெற்கில் அலையாத்திகள் மூழ்கி அழிந்தன, வடக்கில் நீர் எட்டாமல் காய்ந்தன. ஒரே அதிர்ச்சி ஓரிடத்தைத் தாழ்த்தி ஓரிடத்தை உயர்த்தியது எப்படி என்பதை, வளையும் பிளாஸ்டிக் ஸ்கேலை இரு கையாலும் அழுத்தி வளைத்து, சட்டென்று விட்டுக் காட்டி விளக்கலாம். லிட்டில் அந்தமானின் ஓங்கே பழங்குடி மக்கள் கடலின் நடத்தையைக் கண்டறிந்து மேட்டுநிலத்துக்கு ஏறித் தப்பினர். அந்தமான் கடலின் எதிர்க்கரையில், தாய்லாந்தின் புக்கெட் தீவில், பத்து வயது டில்லி ஸ்மித் என்ற ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த ஆழிப்பேரலைப் பாடத்தை நினைவுகூர்ந்து, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு எச்சரித்ததால் அந்தக் கரையில் இருந்தவர்கள் பிழைத்தனர். தலைமுறை அனுபவத்தாலும் வகுப்பறையாலும் தனித்தனியே வந்த இந்த இரண்டு அறிவும் செய்தது ஒரே வேலை: கடலை உற்றுப் பார்த்தது.

இவற்றுக்குத் தடையாக நிற்பது பணமின்மை என்று சொல்வது வழக்கம். தீவுகளில் ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்னும் விகிதம் நாட்டின் சராசரியைவிடச் சாதகமானது. கோலுக்கும் உப்புக்கும் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. உண்மையான தடை, விடை தெரியாமல் வகுப்பில் நிற்க ஆசிரியருக்கு இருக்கும் தயக்கமும், வினாத்தாள் கேட்கும் ஒற்றை விடையும் ஆகும். ‘நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும்’ என்ற கேள்விக்குப் பதினொன்றே கால் என்று எழுதும் தீவுக் குழந்தைக்கு மதிப்பெண் கிடைக்குமா? கிடைக்கும் என்ற உறுதியை அளிக்காதவரை எந்தப் பயிற்சி முகாமும் பயன் தராது.

நிழலளவையில் ஒரு நுட்பம் உண்டு. உச்சிப்பொழுதை ஒட்டி நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறுவதால், குழந்தைகளுக்குள் எது குட்டை என்று சண்டை வரும். அதற்குத் தீர்வு, கோலின் அடியில் கயிறு கட்டி ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் நேரத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவைக் காண்பது. சிற்ப நூலார் இந்தக் கோலைச் சங்கு என்பர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை எழுப்பும்முன் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை அறிந்த செய்தி இடம்பெற்றுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுக் கருவி, இன்றும் ஒரு மூங்கில் துண்டின் விலைதான்.

வாசகர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். தெற்கே உள்ள ஊர்களில் ஆண்டில் இரண்டு நாள் கதிரவன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும்; சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி அது நிகழ்கிறது, கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டி. டில்லியில் ஒருநாளும் நிகழ்வதில்லை. போர்ட் பிளேரில் ஏப்ரல் 20-ஐயும் ஆகஸ்ட் 22-ஐயும் ஒட்டி நிகழும் அதைக் காண விரும்புவோர் பதினொரு மணிக்கே கோலை நட்டுவிட வேண்டும். பாடநூலை நம்பிப் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால், ஒரு மீட்டர் கோலின் நிழல் அதற்குள் கிழக்கு நோக்கி 16 முதல் 18 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கும்.